மாஜியின் புத்தகத்தில் ஓர் அத்தியாயம் மிச்சம்

கண்ணு, இதை எழுதி முடித்த பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, என் குரலிலேயே படித்துப் பதிவு செய்து உனக்கு அனுப்பப் போகிறேன். உனக்குத் தமிழ் படிக்க வராது, கேட்டால் புரியும் என்பதால் இந்த ஏற்பாடு. கலிஃபோர்னியாவில், பிளசன்டனிலிருந்து நீ ஆபீஸ் போகும்போது, ஃப்ரீவேயில் வண்டிகள் நகராமல் நிற்கும் நேரத்தில், நம் மாஜி, அந்தப் பழைய ஜனாதிபதி, தன் புத்தகத்தைத் தானே படிப்பதைக் கேட்டுக்கொண்டு போவாயே, அதே மாதிரி இதையும் கேள். அவருக்கு நல்ல குரல், எழுதியதைத் திருத்திக் கொடுக்க ஆட்களும் இருந்திருப்பார்கள். எனக்கு இரண்டும் இல்லை. எழுதும்போது என் தமிழ் டிவி செய்தி மாதிரி ஆகிவிடுகிறது, அதையும் பொறுத்துக்கொள். நடுவில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டால் கண்டுகொள்ளாதே, இங்கே பிஸ்கட்டவேயில் குளிர் ஆரம்பித்துவிட்டது.

போன வாரம் ஃபோனில் நீ ஒன்று கேட்டாய், அதற்குத்தான் இது. தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு டிக்கெட் போட்டாயா என்று கேட்டேன். "வாட்ஸ் த பாயிண்ட், அம்மா?" என்றாய். பிறகு, கோடையில் நீ இங்கே வந்திருந்தபோது நான் மருந்துக்கடைக்குப் போயிருந்த நேரத்தில் என்ன நடந்தது என்று முதல்முறையாகச் சொன்னாய். அப்பா உன்னையே பார்த்துக்கொண்டு ராசு எங்கே, ராசு எங்கே என்று கேட்டாராம். நீ மாஜியின் புத்தகத்தை எடுத்துக் கடைசி அத்தியாயத்தைப் படிக்கத் தொடங்கியதும் உன் கையை விலக்கிவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டாராம். அப்புறம் உன்னைப் பார்த்து "தேங்க்யூ" என்றாராம். நர்ஸுக்குச் சொல்வது மாதிரி சொன்னார் என்றாய். "ஹூ இஸ் ராசு?" என்று கேட்டாய். நான் அழுவது தெரிந்ததும், "சாரி அம்மா, ஐ காண்ட் டூ திஸ் ரைட் நவ்" என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு இரண்டு தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. நீ கேட்டதற்கான பதிலை ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அப்படிச் சொன்னால் அது உனக்கு வெறும் தகவலாகப் போய்விடும். அப்பா மாஜியின் புத்தகங்களை எதற்காகப் படித்தார் என்பதிலிருந்து வந்தால்தான் எனக்குச் சொல்ல வரும்.

உன் அப்பாவுக்கு அமெரிக்க அரசியலில் துளி அக்கறை கிடையாது. நீ நம்ப மாட்டாய், ஆனாலும் அதுதான் உண்மை. தேர்தல் அன்று காலையில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து கிரிக்கெட் பார்க்கிற ஆள். கோபிச்செட்டிபாளையத்தில் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, காலேஜில் முட்டி மோதி இங்கிலீஷ் கற்றுக்கொண்டவர். மருந்துக் கம்பெனியில் ஒரு மாத்திரை பேட்ச் ஏன் வெளியே போகக் கூடாது என்று பெரிய அதிகாரிகளிடம் விடாமல் வாதாடுவார். அதே மனிதருக்கு உன்னிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. நீ ஹைஸ்கூல் படிக்கும்போது நம் சாப்பாட்டு மேஜைப் பேச்சை நினைத்துப் பார். ஸ்கூல் எப்படி என்பார். "ஃபைன்" என்பாய். ஹோம்வொர்க் என்பார். "டன்" என்பாய். அதோடு சரி. ஆப்பிளை நறுக்கித் தட்டில் வைத்துக்கொண்டு உன் அறை வாசல்வரை போவார், உள்ளே நீ யாரிடமாவது சிரித்துப் பேசிக்கொண்டிருப்பது காதில் விழும், திரும்பி வந்து தட்டை என் கையில் கொடுத்து, "நீயே குடுத்துரு" என்பார். எனக்கு அவர்மேல் கோபமாக வரும். பெற்ற பிள்ளையிடம் பேசுவதற்கு என்ன இவ்வளவு தயக்கம் என்று திட்டியும் இருக்கிறேன்.

அந்த வருஷம் உன் வகுப்பில் மாஜியின் முதல் புத்தகத்தைப் படிக்கச் சொன்னார்கள். அப்போது அவர் பதவியில் இருந்தார், நம் வீட்டில் மாஜி என்ற பெயர் இன்னும் வரவில்லை. சோபாவில் நீ போட்டுவிட்டுப் போன புத்தகத்தை அப்பா முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அந்த சனிக்கிழமை டவுன்ஷிப் லைப்ரரிக்குப் போய் அதே புத்தகத்தை எடுத்து வந்து, உன் கண்ணில் படாமல் கார் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து, தயிர் சாதத்தை ஒரு கையிலும் புத்தகத்தை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு படித்தார். முடித்துவிட்டு ஒரு சாயங்காலம் சாப்பிடும்போது, ஏதோ தற்செயலாக ஞாபகம் வந்தவர் மாதிரி, அந்த ஆள் தன்னை ரொம்ப நல்லவனாக எழுதிக்கொள்கிறான், எனக்கு நம்பிக்கை இல்லை என்று இங்கிலீஷில் சொன்னார். நீ தட்டிலிருந்து தலையைத் தூக்கினாய். "யூ ரெட் இட்?" என்றாய். அன்றைக்கு உன் தட்டில் ரசம் சாதம் காய்ந்து போகும்வரை அவருக்காக நீ வாதாடினாய். அப்பா வேண்டுமென்றே விட்டுக்கொடுக்காமல் பேசினார். பாத்திரம் தேய்த்துக்கொண்டே நான் கேட்டுக்கொண்டிருந்தேன், எனக்கு அழுகையாக வந்தது.

அதற்குப் பிறகு உங்கள் இருவருக்கும் மாஜி ஒருவர்தான் பேச்சு. இரண்டாவது புத்தகத்தை வாங்கினீர்கள். காக்கஸ் என்றால் என்ன, வீட்டோ என்றால் என்ன என்று அப்பா கேட்பார், நீ பேப்பரில் படம் போட்டு விளக்குவாய். முந்தின நாள்தான் அதே விஷயத்தை அவர் எனக்கு விளக்கியிருப்பார். கேட்டால், "அவன் சொல்லட்டுமே, அழகாச் சொல்றான்" என்பார். அவர் பதவியை விட்டு இறங்கிய அன்று அப்பா காபியைக் குடித்துக்கொண்டே, "இன்னைக்கில இருந்து இவரு மாஜி" என்று பெயர் வைத்தார். நம் ஊர்ப் பத்திரிகையில் மாஜி மந்திரி என்று போடுவார்கள் என்று உனக்கு விளக்க, அந்தப் பெயர் உனக்கும் பிடித்துப்போய்விட்டது. காலேஜ் லீவுக்கு நீ வந்திருந்தபோது, இரண்டாவது புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தை மேஜையில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு பக்கமாகச் சத்தமாகப் படித்தீர்கள். அப்பாவின் உச்சரிப்பை நீ திருத்த, அவர் வேண்டுமென்றே மறுபடியும் தப்பாகச் சொல்ல, நீ தலையில் அடித்துக்கொண்டாய். இனிமேல் கடைசி அத்தியாயத்தை யாரும் தனியாகப் படிக்கக் கூடாது என்று அன்றைக்குச் சட்டம் போட்டது நீதான். உனக்கு மறந்திருக்கும்.

பதவி முடிந்த பிறகு மாஜி எழுதிய பெரிய புத்தகம் வந்தபோது நீ கலிஃபோர்னியாவில் வேலையில் இருந்தாய். செங்கல் கனம் இருந்த அதை, ரிடையர் ஆனதும் நிதானமாகப் படிக்க வேண்டும் என்று அப்பா அலமாரியில் வைத்துவிட்டார். போன வருஷம் அப்பாவும் மாஜி ஆனார். இங்கே இவர் புத்தகத்தில் படிக்க, அங்கே நீ காரில் கேட்க, ஞாயிற்றுக்கிழமைதோறும் ஓர் அத்தியாயம் என்று ஃபோனில் பேசிக்கொண்டீர்கள். "பதவிக்கு முன்னாடி எழுதினதுல ஆளு தெரியறான், பதவிக்காக எழுதினதுல வக்கீல் தெரியறான், இதுல ரெண்டு பேரும் மாத்தி மாத்தி வர்றாங்க" என்று என்னிடம் சொன்னார். ஞாயிறு காலையில் சவரம் செய்துகொள்வார். ஃபோனில் பேசுவதற்கு எதற்கு சவரம் என்று நான் கிண்டல் செய்வேன்.

பிப்ரவரியில் அப்படி ஒரு காலையில்தான் ஸ்ட்ரோக் வந்து காபி டம்ளர் கையிலிருந்து நழுவியது. அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், நீ அடுத்த விமானத்தில் வந்தாய். ஆனால் நீ திரும்பிப் போன பிறகு தெரிந்ததை உனக்கு நான் சரியாகச் சொல்லவில்லை என்று இப்போது தோன்றுகிறது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் நாற்காலிப் படத்தைக் காட்டி இங்கிலீஷில் கேட்டாள். அப்பா அவளையே பார்த்தார். நான் நாற்காலி என்றதும் கையை நீட்டித் தொட்டார். சிலருக்கு இப்படிப் பின்னால் கற்ற மொழி போய்விடும், முதலில் கற்றது தங்கிவிடும், எல்லோருக்கும் அப்படி என்றும் இல்லை, ஏன் என்றும் சொல்ல முடியாது என்று அவள் சொன்னாள். ஃபோனில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார்கள். அவர் "தங்களுக்கு வலி இருக்கின்றதா?" என்று கேட்டதும் அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்ட்ரோக்குக்குப் பிறகு முதலில் சிரித்தது அதற்குத்தான். முப்பது வருஷத்துக்கு மேல் சேர்த்த இங்கிலீஷில் அவருக்கு மிச்சம் இருந்தது தேங்க்யூ ஒன்றுதான். இங்கிலீஷில் பேசிக்கொண்டு அவர் பக்கத்தில் யார் வந்தாலும் அதைச் சொல்வார்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். அடையாளத்துக்கு உன்னுடைய பழைய போர்டிங் பாஸைச் செருகி வைத்திருந்தார். பக்கத்தைத் திருப்புவார், எழுத்தைத் தடவுவார், மூடிவிடுவார். ஒருநாள் என்னிடம் நீட்டி, "படி" என்றார். நான் இங்கிலீஷில் இரண்டு வரி படித்தேன். தலையை ஆட்டினார். சரி, எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன் என்று தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். அதுவரை அந்தப் புத்தகங்கள் எனக்குத் தூசி தட்டுகிற சாமான், அவ்வளவுதான். செனட்டுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் பஞ்சாயத்து என்று வைத்துக்கொண்டேன். "பஞ்சாயத்துல அந்த ஆளு ஒத்துக்கவே இல்லீங்க, மாஜி வீடு வீடாப் போய் கெஞ்சியிருக்கறாரு" என்று சொல்வேன். சண்டை, ராணுவம் வந்தால் எனக்குப் பிடிக்காது, இரண்டு பக்கத்தைச் சேர்த்துத் திருப்புவேன். உடனே கையை வைத்து, "தாண்டாத" என்பார். அப்படியே வசந்தம் போய்க் கோடை வந்தபோது கடைசி அத்தியாயத்துக்கு வந்துவிட்டோம். நான் வாயைத் திறக்கும் முன்னால் புத்தகத்தை மூடி, "ராசு" என்றார். நீதான் வந்து படிக்க வேண்டும் என்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நீயும் அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருந்தாய்.

அதனால்தான் நீ வந்த அன்று, கடைசி அத்தியாயம் மிச்சம் இருக்கிறது, அப்பாவோடு உட்கார்ந்து படி என்று சொல்லிவிட்டு மருந்துக்கடைக்குக் கிளம்பினேன். வாங்குவதற்கு மருந்து ஒன்றும் இல்லை, முந்தின நாளே வாங்கியாகிவிட்டது. உங்கள் இருவரையும் தனியாக விட வேண்டும் என்று கடையின் பார்க்கிங்கில் போய் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். திரும்பி வந்தபோது நீ மாடியில் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாய். ஆபீஸில் ஏதோ அவசரம், நாளைக்கே போக வேண்டும் என்றாய். நானும் நம்பினேன்.

இனி ராசு. நீ பிறந்ததும் அப்பா உன்னைத் தூக்கிக்கொண்டு வைத்த பெயர் அது. பள்ளிக்கூடத்துக்கும் பாஸ்போர்ட்டுக்கும் வேறு பெயர் இருந்தது, வீட்டில் நீ ராசுதான். அந்தப் பெயரைச் சொன்னால் எந்த அறையில் இருந்தாலும் தவழ்ந்து வந்துவிடுவாய். மூன்று வயது ஆகும்போது உனக்குப் பேச்சு சரியாக வரவில்லை. டேகேரில் இருந்த டீச்சர், வீட்டில் ஒரு பாஷை, இங்கே ஒரு பாஷை என்று குழந்தை குழம்புகிறான், வீட்டிலும் இங்கிலீஷே பேசுங்கள் என்றார். அக்கறையோடுதான் சொன்னார். அந்தக் காலத்தில் நம்மைப் போல வந்த பாதிக் குடும்பங்களுக்கு யாராவது அப்படிச் சொல்லியிருப்பார்கள். அன்றைக்கே அப்பா மாறிவிட்டார். எனக்கு முடியவில்லை, நான் வாய் தவறித் தமிழில்தான் பேசினேன், அதனால்தான் நீ இதைக் கேட்டுப் புரிந்துகொள்கிறாய். அவர் ஒரு வார்த்தை விடாமல் மாற்றிக்கொண்டார். டேகேரில் உன்னை வேறு பெயரில் கூப்பிடுகிறார்களே, இரண்டு பெயரும் குழப்பும் என்று ராசுவையும் விட்டுவிட்டார். அதற்குப் பதில் உன்னை "பட்டி" என்று, இங்கிலீஷில் தோழா என்கிற மாதிரி, கூப்பிட ஆரம்பித்தார், பார்க்கில் வெள்ளைக்கார அப்பாக்கள் கூப்பிடுவதைக் கேட்டு. முதல் சில நாள் அதைச் சொல்லும்போது அவருக்கே கூச்சமாக இருக்கும், சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பார்.

அந்த "பட்டி"யும் இங்கிலீஷோடு போய்விட்டது, கண்ணு. அடியில் இருந்த ராசு மேலே வந்துவிட்டான். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு இத்தனை மாதமாக அவர் ராசு, ராசு என்று சொல்வதை நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். உனக்கு அந்தப் பெயர் தெரியாது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. எனக்கு நீயும் ராசுவும் வேறு வேறு என்று என்றைக்கும் இருந்ததில்லை, அதனால் உன்னிடம் சொல்லவேண்டும் என்றே தோன்றவில்லை. ராசு நீதான். நீ முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அவர் தேடியது உன்னைத்தான். புத்தகத்தை மூடியது, நீ படிப்பது பிடிக்காமல் அல்ல. தாடி வைத்துக்கொண்டு இங்கிலீஷ் பேசுகிற யாரோ ஒருவர், மகனுக்காக வைத்திருந்த அத்தியாயத்தைப் படிக்க வந்தால் அவர் விடுவாரா? உனக்காகத்தான் உன் கையைத் தள்ளியிருக்கிறார். இதை நினைத்தால் எனக்கு நெஞ்சு வலிக்கிறது, உனக்கும் வலிக்கும், ஆனால் நீ நினைத்துக்கொண்டிருந்ததைவிட இது மேல்.

நீ ஃபோனை வைத்த பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு போய் அவரிடமே கேட்டேன். "ஏனுங்க, ராசு யாருங்க?" என்றேன். எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்பது போலப் பார்த்துவிட்டு, "நம்ம பையன்" என்றார். "எங்க இருக்கறான்?" என்றேன். கொஞ்ச நேரம் தேடி, "பிளசன்டன்" என்று முழுசாகச் சொன்னார். பிறகு புத்தகத்தைத் தட்டிக் காட்டி, "வருவான். படிக்கோணும்" என்றார்.

உனக்கு ஒன்றிரண்டு விஷயம் சொல்ல வேண்டும், அம்மா என்கிற உரிமையில். வசந்தத்தில் உனக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது. அதனிடம் நீயும் உன் மனைவியும் எந்த மொழியில் வேண்டுமானாலும் பேசுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். வீட்டில் ஒரு பெயர் வைத்துக் கூப்பிட்டால் அதை மட்டும் யார் சொன்னாலும் மாற்றாதீர்கள். இன்னொன்று, மனசுக்குக் கஷ்டமான விஷயத்தை நான்கு மாதம் உள்ளேயே வைத்துக்கொள்ளாதே. கோடையிலேயே நீ என்னிடம் கேட்டிருந்தால் அன்றைக்கே மாடிப்படியில் நின்று பதில் சொல்லியிருப்பேன். அப்போது அவருக்கு இன்னும் நிறைய வார்த்தைகள் இருந்தன.

இப்போது குறைந்துகொண்டு வருகிறது. அக்டோபரில் வந்தது சின்ன ஸ்ட்ரோக் என்றுதான் உன்னிடம் சொன்னேன், டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. காபி என்ற வார்த்தை வராமல் டம்ளரைக் காட்டுகிறார். என்னைக் கூப்பிடக் கட்டிலைத் தட்டுகிறார். மாஜி என்றால் பழைய சிரிப்பு வருவதில்லை. ராசு மட்டும் நிற்கிறது, அதுவும் தினமும் இல்லை. புத்தகம் அவர் மடியில்தான் இருக்கிறது, நான் துடைக்க எடுத்தால்கூடப் பிடித்துக்கொள்கிறார். நீ வந்தால் தெரிந்துகொள்வாரா என்று கேட்காதே. சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியே உன்னைக் கூப்பிடுகிறேன். தேங்க்ஸ்கிவிங்வரை காத்திருக்கவும் வேண்டாம், முடிந்தால் இந்த வெள்ளிக்கிழமையே கிளம்பு.

அத்தியாயத்தை நீ இங்கிலீஷிலேயே படி, நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்கிறேன். தாடி இருந்தாலும் பரவாயில்லை. காரிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு வர ஒரே ஒரு வரி சொல்லித் தருகிறேன், நான் சொன்ன பிறகு நீ சொல்லிப் பார். உள்ளே வந்ததும் ஹை டாட் என்று சொல்லாதே. அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு இதைச் சொல்.

"அப்பா, ராசு வந்திருக்கேன்."